இடிப்பதா, புதுப்பிப்பதா?

மாணவர்களும் அலுவலர்களும் கருதத்தக்க படிப்பினை ஒன்றை அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரம் தருகிறது. அங்குச் சேரிகளை அகற்றி, 1950-களில் 11 தளங்கள் கொண்ட 33 கட்டடங்களாகப் புரூயிட்-ஐகோ குடியிருப்பு எழுப்பப்பட்டது. பராமரிப்புச் செலவு வாடகை வருவாயையே நம்பியிருந்தது. குடியிருப்போர் குறையவே, அது சீர்குலைந்தது. 1972-க்கும் 1976-க்கும் இடையே இடிக்கப்பட்டது.

பின்னர் வேறு வழி மேற்கொள்ளப்பட்டது. பழங்கட்டடங்களைப் புதுப்பிக்கும் செலவில் 20 சதவீதத்தைக் கூட்டரசு வரிச்சலுகையாக அளித்து வந்தது. 1998 முதல் மிசௌரி மாநில அரசும் 25 சதவீதம் அளித்தது. வாஷிங்டன் அவென்யூவின் பழைய கிடங்குகள் அடுக்கு வீடுகளாயின. நகர மையத்தில் குடியேற்றம் பெருகியது.

ஆயினும் 1950-இல் 8.57 லட்சமாயிருந்த நகர மக்கள்தொகை, 2020-இல் 3.02 லட்சமாகச் சுருங்கியது. வரிச்சலுகை என்பது அரசு விட்டுக்கொடுக்கும் வருவாய். அதன் பயன் ஏழைகள் வாழும் பகுதிகளையும் எட்டுகிறதா என்பதே திட்டமிடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியாகும்.