முற்றம் இழந்த வீடு



யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள் சிலவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்து வருகிறது. 2009இல் போர் ஓய்ந்த பின்னர், லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உரித்தாளர்களுள் சிலர், பாட்டன் கட்டிய வீட்டைத் திருத்தி விடுமுறை இல்லமாக்க விரும்புகின்றனர். கறையான் தின்ன விடாது வீட்டை எடுத்து நிறுத்துவது நல்ல காரியமே. ஆயின், இந்தத் திருத்த வேலையில் பெரும்பாலும் முதலில் பலியாவது நடுமுற்றம்.

“சும்மா கிடக்கிற இடந்தானே” என்று அதன்மேல் கொங்கிறீற் தட்டுப் போட்டு விருந்தினர் மண்டபமாக்கி விடுகிறார்கள். சும்மா கிடந்த அந்த இடந்தான் வீட்டை வாழவைத்தது. சூடேறிய காற்று அதன் வழியே மேலெழ, விறாந்தை நிழலில் தணிந்த காற்று உள்ளே வந்தது. நான்கு கூரைகளின் மாரிமழையும் அங்கேதான் விழுந்தது. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில், நிலத்தில் ஊறும் மழையே கிணற்று நீர். முற்றத்தை மூடியவர் அறைக்கு அறை குளிரூட்டி பூட்டவேண்டி வருகிறது. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினாலும் இதே கதிதான். உள்ளீரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பொருமிக் கழன்று விடுகிறது.

புதுமை வேண்டாம் என்பதல்ல என் வாதம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில், கொழும்பில் ஏனா டி சில்வாவுக்கு அமைத்த நவீன வீட்டின் நடுவே முற்றத்தைத்தான் வைத்தார். பிற்காலத்தில் அவ்வீட்டைப் பிரித்தெடுத்து, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மீளக் கட்டியபோது, முற்றமும் கூடவே சென்றது.

காற்றுக்கும் மழைக்கும் அப்பால் இன்னொன்றும் உண்டு. கலியாணமும் செத்தவீடும் அந்த முற்றத்திலேயே நடந்தன. தேசவழமைப்படி வீடு மகளுக்குச் சீதனமாகப் போனாலும், சகோதரர் எல்லோரும் வந்து கூடியது அங்கேதான். இன்று திசைக்கொருவராய்ச் சிதறியவர்கள் மூன்று வாரம் வந்து நிற்கும்போது, ஆளுக்கோர் அறையும் குளியலறையும் இருந்தால் போதுமா? கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதற்கு விடுதி போதுமே!

குசினியைப் புதுக்குங்கள், குளியலறை கட்டுங்கள், மின்சாரத்தைச் சீராக்குங்கள். முற்றத்தை மட்டும் வானத்துக்குத் திறந்து விடுங்கள். பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அந்த வீட்டில் வேறு இடமில்லை.