காடும் பிள்ளைகளும்

(பெற்றோர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப் போய், அங்கே வழி தெரிந்து பத்திரமாய்ப் பிழைத்திருக்கும் வித்தையைக் கற்றுக்கொடுப்பது அவசியமா என்பதைப் பற்றி இன்று பேசக் கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறோம். இதைக் கேட்டவுடன் உங்களில் பலருக்குச் சிரிப்பு வரும். "நம் பாட்டனும் முப்பாட்டனும் காட்டிலும் மேட்டிலும் கிடந்தது போதாதா? பிள்ளையாவது நாற்காலியில் உட்காரட்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், நீங்கள் திரும்பவும் காட்டுக்கு ஓட்டப் பார்க்கிறீர்களே" என்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். படிக்க லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்த வீட்டுப் பிள்ளை இன்று படிக்கிறதென்றால் அது பெரிய காரியம். அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்கும்படி நாம் சொல்ல வரவில்லை. எதற்குப் படிப்பு என்று பெயர் என்பதைத்தான் சற்று யோசிக்கச் சொல்லுகிறோம்.

ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "சூரியன் எங்கே உதிக்கும்?" என்று கேளுங்கள். "கிழக்கே" என்று பளிச்சென்று சொல்லும். அதே பிள்ளையைப் பகல் பதினொரு மணிக்குத் தெரியாத இடத்தில் நிறுத்தி, "கிழக்கைக் காட்டு" என்றால் விழிக்கும். வாஸ்தவத்தில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச்சில் ஒரு நாளும், செப்டம்பரில் ஒரு நாளுமே. மற்ற நாட்களில் வடக்கேயோ தெற்கேயோ ஒதுங்கித்தான் உதிக்கிறது. பாடம் ஒப்பித்த வாய்க்கு இது தெரியாது. தினம் பார்த்த கண்ணுக்குத்தான் தெரியும். ஒரு முழக் குச்சியைத் தரையில் நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். கால் மணி நேரம் கழித்து, நகர்ந்திருக்கும் நுனியில் இன்னொரு கல்லை வையுங்கள். முதற்கல் மேற்கு, இரண்டாங்கல் கிழக்கு. சூரியன் மேற்கே போகப்போக நிழல் கிழக்கே நகருகிறது என்பதுதான் இதன் காரணம். இதற்குக் காலணா செலவில்லை. இதைத் தன் கையால் ஒரு தடவை செய்து பார்த்த பிள்ளை, திசைக்காக இன்னொருவனை நம்பியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வழி தப்புதல். அமெரிக்காவில் சான் டியேகோ பக்கத்து மலையில் 1981-ல் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வழி தப்பி இறந்துபோனான். தேடப் போனவர்கள் துக்கத்தோடு நின்றுவிடாமல், பிள்ளைகளுக்காக ஒரு பாடம் ஏற்படுத்தினார்கள். வழி தப்பினது தெரிந்தவுடன் ஓடாதே. பக்கத்து மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு. விசில் இருந்தால் ஊது. தேடுகிறவர் கண்ணுக்குப் படும்படி நில். இவ்வளவுதான் பாடம்.

இதில் என்ன வித்தை இருக்கிறது என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளை ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் தேடவேண்டிய இடம் சுமார் 3 சதுர கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டர் தூரம் ஓடியிருக்கலாம் என்றாலோ தேடவேண்டியது சுமார் 28 சதுர கிலோமீட்டர். தூரம் மூன்று மடங்கானால் தேடுகிற வேலை ஒன்பது மடங்காகிறது. பயந்தவனைக் கால் ஓடத்தான் சொல்லும். காரணம் தெரிந்த பிள்ளைதான் காலை அடக்கும். வெறும் உத்தரவு பயத்தில் மறந்து போகும். புரிந்துகொண்ட காரணம் அவ்வளவு சுலபத்தில் மறக்காது.

மூன்றாவதாக, தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். 2023 மே மாதம் 1-ந் தேதி ஒரு சிறு ஆகாய விமானம் அமேசான் காட்டில் விழுந்தது. அதிலிருந்த பெரியவர்கள் மூவரும் மாண்டனர். அவர்களில் ஒருவர் பிள்ளைகளின் தாய். மிஞ்சினவை நான்கு குழந்தைகள். மூத்தவள் 13 வயதுப் பெண். கடைக்குட்டிக்கு 11 மாதம். அதன் முதலாவது பிறந்த நாள் காட்டிலேயே கழிந்தது. 40 நாள் கழித்து ஜூன் 9-ந் தேதி நால்வரும் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டார்கள். சிப்பாய்கள் ரேடியோவில் "அற்புதம்" என்று நான்கு தடவை சொல்லி அந்தச் செய்தியைத் தெரிவித்தார்களாம்.

தோழர்களே! அது அற்புதமா? அவர்கள் ஊய்தோத்தோ என்னும் பூர்வகுடியைச் சேர்ந்த பிள்ளைகள். விமானத்திலிருந்த மரவள்ளி மாவைச் சிறுகச் சிறுகத் தின்றார்கள். அது தீர்ந்த பிறகு, காட்டில் எந்தப் பழம், எந்த விதை தின்னத்தக்கது என்று தெரிந்து தின்றார்கள். இதெல்லாம் பாட்டியிடமும் வீட்டாரிடமும் கற்றது. அந்தப் பாட்டியின் குரலைப் பதிவு செய்து, "ஒரே இடத்தில் இருங்கள்" என்று ஒலிபெருக்கியில் காட்டின்மேல் முழங்கவும் செய்தார்கள். தேடினவர்களிலும் சிப்பாய்களோடு அந்நாட்டுப் பூர்வகுடி மக்கள் கலந்திருந்தார்கள். பாட்டி கொடுத்த படிப்பை அற்புதம் என்று சொல்லிவிட்டால், படிப்புக் கொடுத்தவளுக்குள்ள பெருமை என்னாவது? அந்தப் படிப்பை நம் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டுமென்ற எண்ணந்தான் நமக்கு எப்படி வரும்?

இதில் இன்னொரு சங்கதி. மூன்று சிறு உயிர்களைக் காப்பாற்றியவள் ஒரு பெண். 1908-ல் பேடன் பவல் சாரணர் புஸ்தகம் எழுதினபோது அதைப் பையன்களுக்கென்றே எழுதினார். மறு வருஷமே லண்டன் கூட்டத்துக்குப் பெண்கள் தாங்களாகவே வந்து நின்றார்கள். 1910-ல் அவர்களுக்கும் ஓர் இயக்கம் ஏற்பட்டது. "பெண்ணுக்குக் காட்டில் என்ன வேலை?" என்று கேட்பவர்கள், அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அடுப்பங்கரையை மாத்திரம் காட்டியிருந்தால் நான்கு உயிரும் என்னவாகியிருக்கும் என்பதற்குப் பதில் சொல்லட்டும்.

"பாம்பு கடித்தால்?" என்று அடுத்தபடியாகக் கேட்பீர்கள். நம் தேசத்தில் 2000 முதல் 2019 வரையில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். பிள்ளையை வீட்டில் பூட்டி வைத்தால் பாம்பு போய்விடாது. அது வரப்பிலும் வைக்கோற்போரிலும் இருக்கிறது. ஆகவே நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும். கடித்துவிட்டால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறி மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். மந்திரித்துப் பிழைத்தவர்கள் இல்லையா என்றால், விஷமில்லாத பாம்புகள் அநேகம் உண்டு. விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடிப்பதுண்டு. அப்படிப் பிழைத்தவன் பேரால் மந்திரக்காரன் புகழ் வாங்குகிறான். செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லுவதில்லை.

இந்த அறிவை யாரிடம் கற்பது? சென்னைக்கருகே இருளர்கள் 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்தினார்கள். அவர்கள் பாம்பைப் பிடித்து விஷத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து விஷமுறி மருந்து செய்யப்படுகிறது. அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை, மலைப்பாம்பு பிடித்துக் காட்ட 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தார் அழைத்துக்கொண்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுக்கப்பட்டது. கடல் கடந்தவன் கூப்பிட்டு மரியாதை செய்தவர்களை, உள்ளூர்க்காரன் திண்ணையில் உட்காரச் சொல்லியிருப்பானா என்று உங்கள் மனதையே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பேர்ப்பட்டவர்களை உபாத்தியாயர்களாக மதித்துப் பிள்ளைகள் முன் நிறுத்தினால், பாம்புப் பாடத்தோடு மனித சமத்துவப் பாடமும் சேர்ந்தே நடக்கும்.

ஆகவே தோழர்களே! மாதம் ஒரு நாள் பத்துப் பிள்ளைகளை, ஆணும் பெண்ணுமாக, விவரம் தெரிந்த இரண்டு பெரியவர்களோடு ஏரிக்கரைக்கோ தோப்புக்கோ அனுப்புங்கள். அனுமதியில்லாமல் சர்க்கார் காட்டுக்குள் போக வேண்டாம். தெரியாத காயை வாயில் வைக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு விசிலும் தண்ணீரும் இருந்தால் போதும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடட்டும்.

நாம் சொன்னோமென்று எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நாளைக் காலையில் உங்கள் வாசலில் ஒரு குச்சியை நட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நிழலைப் பாருங்கள். நாம் சொன்னபடி அது நகர்ந்தால், மற்றதையும் யோசியுங்கள்.