புதுசா பண்ணணுமா, பழசையே பண்ணலாமா? இண்டி ஆர்பிஜி பத்தி ஒரு பேச்சு

இன்னைக்கு என் லேப்டாப்ல தூங்கிட்டு இருக்கிற ஒரு கேமைப் பத்திச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷமா சனி, ஞாயிறு உட்கார்ந்து ஒரு ஆர்பிஜி செஞ்சுட்டு இருக்கேன். சண்டைக்கான கோடை மட்டும் மூணு தடவை அழிச்சு எழுதியாச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரே காரணம்தான்: "இதை ஏற்கெனவே எல்லாரும் பண்ணிட்டாங்களே!" இன்னைக்குத் தேதிக்கு அதுல முழுசா விளையாடி முடிக்க ஒரு குவெஸ்ட் கூட இல்லை.

இந்த நிலைமையிலதான் ஜெஃப் வோகலைப் பத்தி யோசிச்சேன். ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர்ங்கிற குட்டிக் கம்பெனியை 1994-ல ஆரம்பிச்சவர். 1995-ல 'எக்ஸைல்' வந்தது. பேரரசுக்கு வேண்டாதவங்களை எல்லாம் பூமிக்கு அடியில இருக்கிற குகைகளுக்குள்ள தள்ளிடுவாங்க, அங்கேதான் கதை. அதையே 2000-ல 'அவெர்னம்'னு புதுப்பிச்சார். 2011-ல மறுபடியும். ஒரே கேம், மூணு தடவை!

சோம்பேறித்தனம்னு தோணுதில்ல? எனக்கும் தோணுச்சு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கைவிரல்ல எண்ணிடக்கூடிய ஆட்களை வெச்சு நாற்பது, ஐம்பது மணி நேரம் ஓடுற ஆர்பிஜி பண்ணணும். பழைய எஞ்சின், பழைய படங்களையே திரும்பப் பயன்படுத்தினாதான் கதை எழுத நேரம் மிஞ்சும்.

அந்தக் கதை எப்படி இருக்கும்? 2001-ல வந்த 'ஜீன்ஃபோர்ஜ்' பாருங்க. அதுல உயிர்களையே உருவாக்கக் கத்துக்கிற ஆள் நீங்க. கைவிடப்பட்ட ஒரு தீவுல போய் இறங்குறீங்க. அங்கே விட்டுட்டுப் போன படைப்புகள் சொந்தமா யோசிக்க ஆரம்பிச்சு மூணு கூட்டமாப் பிரிஞ்சு நிக்குது. ஒண்ணு படைச்சவங்களுக்குக் கீழ்ப்படியணும்னு சொல்லுது, ஒண்ணு சம உரிமை கேட்குது, இன்னொண்ணு படைச்சவங்களையே எதிர்க்குது. நீங்க யார் பக்கம்? பார்க்க சாதாரணமா இருக்கிற கேம், கேட்கிற கேள்வி அப்படி இல்லை.

சரி, எதிர்ப்பக்கம் வருவோம். 2015, டோபி ஃபாக்ஸோட 'அண்டர்டேல்'. புதுமைன்னா எல்லாரும் முதல்ல சொல்ற பேர். ஆனா அதோட தோற்றம், மெனு, மாத்தி மாத்தி அடிக்கிற சண்டை எல்லாமே பழைய ஜப்பானிய ஆர்பிஜி பாணிதான். 'எர்த்பவுண்ட்' தாக்கம் வெளிப்படையாவே தெரியும். அவர் மாத்துன முக்கியமான விதிகள்ல ஒண்ணு: யாரையும் கொல்லாமலே கேமை முடிக்கலாம்.

இனி ஸ்பாய்லர், விளையாடாதவங்க அரை நிமிஷம் காதைப் பொத்திக்கோங்க! எந்த ஆர்பிஜி-யிலயும் இஎக்ஸ்பி-ன்னா எக்ஸ்பீரியன்ஸ்தானே? இங்கே கடைசியில, அது 'எக்ஸிக்யூஷன் பாயின்ட்ஸ்'னு சொல்வாங்க. அதாவது, நீங்க எத்தனை உயிரைக் கொன்னீங்கங்கிற கணக்கு. வருஷக்கணக்கா இஎக்ஸ்பி சேர்த்துப் பழகினவங்களுக்குத்தான் அது சுருக்குனு குத்தும். பழக்கமே இல்லாத சிஸ்டமா இருந்திருந்தா, "ஓ, அப்படியா"ன்னு போயிருப்போம்.

அப்போ திரும்பப் பண்றது எல்லாம் நல்லதா? இல்லை. "அண்டர்டேல்ல இருந்துச்சு"ன்னு நம்ம கேம்லயும் மன்னிக்கிற பட்டனை ஒட்டி வெச்சா, அது வெறும் காப்பி. வோகலும் பழசுலயே உட்கார்ந்துடலை. 2019-ல புது உலகத்தோட 'குவீன்ஸ் விஷ்' கொண்டு வந்தார்.

அதனால நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன். என் கேமோட மையம், ஊருக்குள்ள ஒருத்தர் சொல்ற வதந்தி அடுத்தவர்கிட்ட போகும்போது மாறுறது. புதுசா எழுத வேண்டியது அது மட்டும்தான். சண்டை, பை, லெவல் எல்லாம் எல்லாரும் பண்ற மாதிரியே இருக்கட்டும். முதல் குவெஸ்ட்டை முடிச்சுட்டுத்தான் அடுத்த ரீரைட்டைப் பத்தியே பேசுவேன்.

நீங்களும் ஏதாவது செஞ்சுட்டு இருந்தா, உங்க கேம்ல எந்த ஒண்ணை எடுத்துட்டா அது வேற யாரோட கேம் மாதிரியோ ஆயிடும்னு ஒரு வரி எழுதிப் பாருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.