வழிபாடும் வாழ்வும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக்கென நிறுவப்பெற்ற சங்கத்தின் விழாவில் வழிபாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். ஆயினும், "ஐயா, ஆலயத்திற்குள்ளும் சாதி இருக்கையில் நாங்கள் ஏன் அங்குச் சென்று மண்டியிட வேண்டும்?" என்று நம் இளைஞர் வினவுகின்றனர். இவ்வினாவைக் கடிந்து ஒதுக்குவது எளிது. விடை கூறுவதே நம் கடமை.

'வழிபாடு' என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பின்பற்றி நடத்தல் என்பதும் பொருள். எபிரேய மொழியில் 'அவோதா' என்னும் ஒரே சொல் உழைப்பையும் வழிபாட்டையும் குறிக்கும். எனவே, ஞாயிறு காலையில் பாடிச் செபித்துப் பிரசங்கம் கேட்டு வீடு திரும்புவதோடு வழிபாடு முடிந்துவிடுவதில்லை.

ஆமோஸ் ஆடு மேய்த்தவர். காட்டத்தி மரங்களைப் பேணிப் பிழைத்தவர். நீதியில்லாத இடத்திலிருந்து எழும் பண்டிகையையும் பாட்டையும் கடவுள் வெறுக்கிறார் என்று அவ்வுழைப்பாளியே துணிந்து உரைத்தார். காணிக்கை செலுத்த வருபவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு கூர்ந்தால், முதலில் சென்று ஒப்புரவாக வேண்டும் என்றார் இயேசு பெருமான். இங்கு ஒன்றைக் கவனியுங்கள். எழுந்து செல்லவேண்டியவன் தீங்கிழைத்தவனே. தீங்குற்றவன் வாய்மூடிப் பொறுத்திருக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று.

கொரிந்து சபையில் வசதியுடையோர் முந்தி உண்டனர்; வறியோர் பசியோடிருந்தனர். அது கர்த்தருடைய பந்தியே அன்று என்று பவுல் அடிகள் கண்டித்தார். பந்தி பிளவுபட்டால் வழிபாடே பொய்யாகிவிடும் என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டுத் திருச்சபை வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1833ஆம் ஆண்டில் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி அறவே ஒழிய வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையையே விட்டு வெளியேறினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம், சாதியாரைப் பிரித்து அமர்த்த இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. பிரித்து நின்ற தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. அதை எதிர்த்து வழக்காடியோர் நீதிமன்றத்திலும் வெற்றி பெறவில்லை. எனினும் இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் பிரிந்தே கிடக்கின்றன. தேர்ப்பவனி சில தெருக்களுக்குள் நுழைவதில்லை.

இதனைக் கண்டு நாம் ஆலயத்தை விட்டு விலகலாமா? கூடாது. திருப்பலிபீடம் எந்தச் சாதியாரின் பூர்வீகச் சொத்துமன்று. கடவுள் ஒருவர்க்கே மண்டியிடக் கற்றவன், மனிதர் எவர்முன்னும் கூனிக் குறுகான். அத்துணிவைத் தருவது உண்மை வழிபாடே.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு அவர்கள், நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் ஆராதனைக்குள் கொணர்ந்தார். இழிவென்று தள்ளப்பட்ட நம் கருவி இறைவனைப் போற்றும் கருவியாயிற்று. நம்மிடமுள்ள எதையும் வெட்கமின்றி இறைவன்முன் படைக்கலாம் என்பதே அதன் பாடம்.

நம் தாய்மார் இதை முன்னரே அறிந்திருந்தனர். உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்து ஆலயத்திற்குக் கொணர்ந்தனர். அரை வயிற்றுக் கஞ்சியிலிருந்து எடுத்த பிடியரிசி அது! அடுப்பங்கரையும் அவர்களுக்கு ஆலயமாயிற்று.

இளைஞர்களே, உங்களை மூன்று வேண்டுகிறேன். நாள்தோறும் செபத்தோடு பாடம் படியுங்கள். படிப்பும் உங்கள் காணிக்கையே. மாலையில் ஒரு மணி நேரம் தெருப்பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பியுங்கள். ஆலய அசனத்தில் எவரையும் தனிப்பந்தியில் அமரவிடாதீர்கள். உங்களினும் எளியவரை உங்கள் அருகில் அமர்த்துங்கள். பிறர் நமக்குச் செய்ததை நாம் மற்றொருவர்க்குச் செய்வோமாயின், நம் பாட்டையும் கடவுள் கேளார்.

இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஏற்றிய கல்வி விளக்கும் ஒரு வழிபாடே. அதை அணையாது காப்பது உங்கள் பொறுப்பு.