பள்ளிக்கு வாராத பிள்ளை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், மாணவர்க்குப் பரிசு வழங்கியபின் நிகழ்த்திய சொற்பொழிவு)



சற்று முன்னர் மிகுந்த மதிப்பெண் பெற்ற நம் மரபுப் பிள்ளைகள் இம்மேடையிற் பரிசு பெற்றுச் சென்றனர். அவர்தம் பெற்றோரின் முகமலர்ச்சி கண்டு யாமும் மகிழ்ந்தோம். ஆயினும், இவ்வவையில் இன்று காணப்படாத பிள்ளைகளைப் பற்றிச் சில சொல்லவே யாம் எழுந்தோம். முதலிடம் பெற்ற பிள்ளையின் பெயரை நாம் அனைவரும் அறிவோம். படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளையின் பெயரை நம்முள் எத்துணையர் அறிவர்?

எமது பிழையொன்றை முதலிற் கூறிவிடுதல் முறையாகும். யாம் ஆசிரியப் பணி ஏற்ற தொடக்கத்தில் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் பயின்றான். அவன் நம் மரபினன் அல்லன். ஊர்ப்புறத்து ஏழைக் குடியிற் பிறந்தவன். ஒரு செய்யுளை இருமுறை கேட்பின் மூன்றாமுறை பிழையின்றி ஒப்பிப்பான். பொங்கல் கழிந்ததும் அவனைக் காணோம். பெற்றோர் செங்கற்சூளை வேலைக்கு முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு சென்றுவிட்டனர். ஆனித் திங்களில் அவன் மீண்டு வந்து வகுப்பு வாயிலில் நின்றான். "ஐந்து மாதமாக எங்கே போயிருந்தாய்? தந்தையை அழைத்து வா" என்று பலர் முன்னிலையிற் கடிந்து திருப்பி அனுப்பினோம். தந்தை வரவில்லை, ஒருநாட் கூலியை இழந்து அவர் எங்ஙனம் வருவார்? சிறுவனும் பின்னர் வரவில்லை. அவனைப் பள்ளியினின்று பிரித்தது வறுமையே என்று பல்லாண்டு எமக்கு யாமே ஆறுதல் கூறிக்கொண்டோம். வறுமை பிரித்தது ஐந்து மாதமே. மீண்டு வந்தவனைப் பிரித்தது எம் நா.

நிற்க. நம் நாட்டிற் பிள்ளைகளின் பசியைப் பள்ளி நெடுநாளாகவே கருதி வந்துள்ளது. 1920-இல் தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகராண்மையினர் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் உணவளிக்கத் தொடங்கினர். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிற் சத்துணவும், 2022-இற் காலை உணவும் வந்தன. இவை யாவும் போற்றத் தக்கன. ஆயின் உணவு, வந்த பிள்ளையைத் தங்கச் செய்யும். வாராத பிள்ளையைத் தேடிச் செல்லாது. தேடிச் செல்லுதல் மனிதர் கடமை.

சட்டமும் நமக்குத் துணை நிற்கின்றது. 2002-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் 6 முதல் 14 அகவை வரையுள்ளார்க்குக் கட்டணமில்லாக் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதனை நிறைவேற்ற 2009-இல் இயற்றிய சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுத்தல் ஆகாது; அரசினர் பள்ளியும் உதவி பெறும் பள்ளியும் மாற்றுச் சான்றிதழ் வரவில்லையென்று காலந் தாழ்த்தலும் ஆகாது. இடைநின்ற பிள்ளையை அகவைக்குரிய வகுப்பிற் சேர்த்துத் தனிப்பயிற்சியும் அளித்தல் வேண்டும். இவற்றைச் சூளையிற் கல் அறுக்கும் தாய்க்கு எடுத்துரைப்பார் யார்?

ஆதலின் நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம்.

முதலாவது, மூன்று நாள் தொடர்ந்து வாராத பிள்ளையின் வீட்டிற்கு நான்காம் நாள் நம்முள் ஒருவர் செல்லல் வேண்டும். பிள்ளை ஒரே நாளிற் படிப்பை விடுவதில்லை. ஒருநாள் இருநாளாகி, இருநாள் பத்தாகி, பின் வெட்கம் வந்து வழியை அடைத்துவிடுகின்றது.

இரண்டாவது, ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறிற்கும், எட்டு முடிந்து ஒன்பதிற்கும் செல்லுங்காற் பலர் பள்ளி மாற நேர்கின்றது. எட்டைக் கடக்கும் வேளையிலே கட்டாயக் கல்விச் சட்டத்தின் காவலும் முடிகின்றது. அப்பொழுது சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் முதலியவற்றிற்கு மனு எழுதித் தந்து, புதிய பள்ளி வரை உடன் செல்லல் வேண்டும்.

மூன்றாவது, நம் அவையிற் சூளை நடத்துவோரும் உளர். 14 அகவை நிரம்பாதாரை வேலைக்கு அமர்த்தல் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றமாகும். அதனை விலக்கினால் மட்டும் போதாது. தம்மிடம் வந்த குடும்பத்துப் பிள்ளைகளை அருகிலுள்ள பள்ளியிற் சேர்த்தலும் அன்னார் அறமாகும்.

இவற்றிற்குப் பணம் எங்கே எனின், பரிசு நிதியிற் பாதியை இதற்கு ஒதுக்குக என்போம். "நம் மரபினர்க்கே" என்னும் விதி தடுக்குமெனின், அவ்விதியைத் திருத்துக. ஒரே பலகையில் அமர்ந்த இருவருள், நம்மவன் வாராதபோது தேடி, மற்றவன் வாராதபோது வாளா இருத்தல் கற்றார்க்கு அழகன்று. நம் வயலிலும் சூளையிலும் உழைப்போர் மக்களல்லரோ அவர்?

யாம் திருப்பி அனுப்பிய சிறுவனை இனி அழைத்துவர இயலாது. அவனுக்கே இன்று பள்ளி செல்லும் பருவத்துப் பிள்ளைகள் இருத்தல் கூடும். அவர் நம் வாயிலில் வந்து நிற்பரேல், காரணம் கேட்குமுன் உள்ளே அழைத்து அமர்த்துவோமாக.