கேளா ஒலியும் இரத்தக் கட்டியும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் பெயர் பொறித்த லாரிகளை இந்தியாவின் பல மூலைகளிலும் காணலாம். அவற்றை ஓட்டுவோர் நாட்கணக்கில் கால் மடக்கி அமர்ந்திருக்கின்றனர். நடக்கும்பொழுது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து குருதியை மேல்நோக்கிச் செலுத்துகின்றன. நெடுநேரம் அசையாதிருந்தால் அவ்வோட்டம் தளர்கிறது; ஆழ்ந்த சிரைகளில் குருதி தேங்குகிறது; சிலருக்கு ஆங்கே உறைந்து கட்டியாகிவிடுகிறது. அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடையுமாயின் உயிருக்கே ஏதம் விளையும்.

இதற்கு மருந்துகள் உள. சில வேளைகளில் நாளத்தினுள் மெல்லிய குழாய் செலுத்தியும் கட்டியை அகற்றுவர். ஆனால் கட்டியைக் கரைக்கும் மருந்து உடலில் வேறிடத்தில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். குழாய்க்கோ உடலில் ஒரு துளை வேண்டும். மேனியில் சிறு கீறலுமின்றி வெளியிலிருந்தே கட்டியைச் சிதைக்க இயலுமா என்பதே அறிஞர் எழுப்பிய வினா.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி மேல்மண்ணைத் துளைத்த பின்னரே அடிப்பாறையை எட்டும். ஒலிக்கு அத்தகைய துளை வேண்டுவதில்லை. நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்குக் கேளாது. கருவிலுள்ள குழந்தையைக் காட்டும் ஸ்கேன் கருவி பயன்படுத்துவது இவ்வொலியையே. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தாளைப் பொசுக்கிப் பார்க்காத மாணவர் உண்டோ? ஒளி குவியும் புள்ளியில் மட்டுமே தாள் கருகுகிறது. அங்ஙனமே, கிண்ணம் போன்ற கருவியிலிருந்து புறப்படும் அலைகள் தோலையும் தசையையும் கடந்து, கட்டி இருக்கும் இடத்தில் ஒன்றுகூடுகின்றன.

ஆயினும் இங்கே தொழில் செய்வது வெப்பமன்று, குமிழி. சோடாப் புட்டியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து குமிழிகள் பொங்குகின்றன அல்லவா? ஒலியலையிலும் அழுத்தம் ஏறி இறங்குகிறது. மிகக் குறுகிய, வலிய துடிப்புகளைச் செலுத்தினால், அழுத்தம் இறங்கும் கணத்தில் நுண்குமிழிகள் தோன்றி விரிந்து ஒடுங்குகின்றன. அவற்றின் விசையால் கட்டி துகள் துகளாகிறது.

1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திச் சிறுநீரகக் கல்லை உடைத்தனர். அம்முறை இதற்கு மூத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குமிழி முறையை வளர்த்து, பன்றியின் கால் சிரைக் கட்டிகளைச் சிதைத்த சோதனையை 2011இல் வெளியிட்டனர். 2023 அக்டோபரில் ஈரலில் தோன்றும் புற்றுக் கழலைகளுக்கு இம்முறையைக் கையாள அந்நாட்டு அரசு இசைவளித்தது. இரத்தக் கட்டியைப் பொறுத்தவரை இஃது இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. சிதைந்த துகள்கள் போதிய அளவு நுண்ணியவையாக இருக்க வேண்டும்; நாளச் சுவர் ஊறுபடலாகாது; குவியம் இம்மியும் பிறழலாகாது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டுவது ஒன்றுண்டு. கட்டியை உடைத்தல் வேறு, பெயர்த்தல் வேறு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெயிட்டு நீவிவிடும் வழக்கம் நம் இல்லங்களில் இருக்கிறது. நீவுதல் கட்டியைத் துகளாக்காது. அப்படியே பெயர்த்து அனுப்பிவிடலாம். ஆகவே, உங்கள் தந்தையோ தமையனோ லாரி ஓட்டுபவராயின், இடையிடையே வண்டியை நிறுத்திச் சற்று நடக்கச் சொல்லுங்கள். கால் வீங்கினால் நீவாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சேலத்திலும், 2022இல் மருத்துவக் கல்லூரி பெற்ற நாமக்கல்லிலும் அரசு மருத்துவமனைகள் உள. சிரையில் கட்டி உண்டா என்பதைக் கேளா ஒலி இன்றே காட்டிவிடும். அதனை உடைக்கும் ஆற்றலை முழுமையாக்கும் பணி, பௌதிகமும் உடலியலும் பயிலும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.