தூக்குக்குண்டும் தொந்தியும்



காலையில் குரூப் போட்டோவுக்கு நின்றபோது போட்டோகிராபர், "சார், வயித்தைக் கொஞ்சம் உள்ளே இழுங்க" என்றார். யாரைச் சொன்னாரோ, முன்வரிசையே மூச்சைப் பிடித்தது! அதனால்தான் இதைப் பேசத் துணிந்தேன்.

நம் இயற்பியல் ஆய்வகத்தில் அட்டையைத் தொங்கவிட்டு, தூக்குக்குண்டு நூலை வைத்துக் கோடு போட்டு, ஈர்ப்பு மையம் கண்டுபிடிப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கோடு அடிப்பரப்பை விட்டு வெளியே போனால் பொருள் கவிழும் என்று எழுதி மார்க் வாங்கியவன் நான். அது என் உடம்புக்கும் பொருந்தும் என்று புரிய 2019 வரை ஆயிற்று. அப்போது என் எடை 94 கிலோ. நின்றபடி பேண்ட் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து போட ஆரம்பித்திருந்தேன். வயசாயிடுச்சு என்று எனக்கு நானே சமாதானம். ஒருநாள் வாசற்படியில் கால் இடறியது. கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்தது.

"கனமான பொருள்தானே சார் அசையாது?" என்று சற்றுமுன் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. குண்டானவரைத் தள்ளுவது கஷ்டம்தான். ஆனால் அவர் சாயத் தொடங்கிவிட்டால் நிறுத்துவதும் கஷ்டம். நிற்கும்போது நம் ஈர்ப்புக் கோடு கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுகிறது. குப்புற விழாமல் இழுத்துப் பிடிப்பது கெண்டைக்கால் தசை. கணக்குக்காக, 60 கிலோக்காரருக்கு அந்த இடைவெளி 5 செ.மீ. என்று வைப்போம். பெருக்கினால் 300. தொந்தியோடு 90 கிலோ உள்ளவருக்கு 6 செ.மீ. என்றால் 540. பாதமோ பழைய பாதம்தான்!

கனடாவின் கியூபெக்கில் ஆண்களை விசைப் பலகைமேல் நிற்க வைத்து அளந்து, 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எடை கூடக் கூட உடம்பின் ஆட்டமும் கூடியது. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வில், எடை குறைத்த பருமனானவர்களுக்கு ஆட்டம் குறைந்தது.

அப்போ பட்டினி கிடந்தால் சரியாப் போச்சு என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, நாலே மாதத்தில் 13 கிலோ இறக்கினேன். பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். மாடிப்படி ஏறினால் மட்டும் தொடை நடுங்கியது. கொழுப்போடு தசையும் போயிருந்தது.

என் அம்மா 41 கிலோதான். எடை மெஷின் அவரைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்புறம் அவர் எழுந்து நடக்கவேயில்லை. அவர் காலில் பலம் இருக்கிறதா என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நிற்பது, இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார். தட்டில் பருப்பும் முட்டையும் கூடின. எடை 3 கிலோ ஏறியது, கவலைப்படவில்லை. இப்போது பேண்ட்டை நின்றேதான் போடுகிறேன், சுவர் பக்கத்தில்!

சர்க்கரை உள்ள தோழர்களே, பாதம் மரத்துப்போனால் காலுக்குத் தரை தெரியாது. தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த மேடைப் படிக்குக் கைப்பிடி இல்லை. யாராவது வந்து கை கொடுங்கப்பா.